பாறைக்குப் பத்தடி தள்ளி

எல்லை பிரித்த காலத்தில், சர்க்கார் சர்வேயராக இருந்த நான் ஒரு பாம்புப் புற்றை இடித்தேன். ஆந்திராவுக்கும் சென்னை மாநிலத்துக்கும் நடுவே நட வேண்டிய கல்லுக்கு வரைபடம் காட்டிய இடம் புற்றுக்குப் பத்தடி தள்ளி, பாறையில் இருந்தது. பாறையைக் குடைய அலுத்துக்கொண்டு, புற்றை இடித்து அங்கே நட்டுவிட்டேன்.

மறு மாதம் பிச்சாட்டூரிலிருந்து காளஸ்திக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி குடியானவ வீட்டுக்காரி. மற்றவள் பொட்டில்லாத கிறிஸ்தவப் பெண்.

"கோயிலுக்கு நீ எதுக்கு வர்ற, எஸ்தரு?"

"தனியா அழுதுகினு போவியேன்னுதான். உள்ள வரமாட்டேன்."

"மருமவளுக்கு ஆறு மாசம். இப்பப் பாத்து எங்க நெலத்துப் புத்தை இடிச்சிட்டானுங்களே."

"இடிச்சவன் சர்க்கார் ஆளு. பரிகாரம் நீ ஏன் பண்ணணும்?"

"பாம்பு அவனைத் தேடிக்கினு ஆபீசுக்கா போவும்? எங்க வூட்டுக்குத்தான் வரும். அதோட நெலம்டி. அதைக் கேட்டுட்டுத்தான் நாங்க ஏரே கட்றோம்."

"எங்க சாமி நெலத்தை மனுசன் கையில குடுத்தாரு."

"இடிக்கவா குடுத்தாரு?"

எஸ்தர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"பாத்துக்கோன்னுதான் குடுத்தாரு. அப்போ அவன் எங்க சாமிக்கும் பதில் சொல்லணும்."

அடுத்த வாரமே கல்லைப் பிடுங்கிப் பாறையைக் குடைந்து நட்டேன். புற்று மறுபடி வளரவில்லை. சில மாதம் கழித்து அந்த நிலத்துக்காரி வீட்டுக்குப் போய், இடித்தவன் நான்தான் என்றேன். கையில் பேரக்குழந்தையோடு நின்றவள் என்னைத் திட்டவில்லை.

"உனக்குப் புள்ளைங்க இருக்குதா, நைனா?"

"இரண்டு."

"அதுங்க நட்சத்திரம் சொல்லு. அடுத்த தபா காளஸ்திக்குப் போறப்போ சேத்து வேண்டிக்கினு வர்றேன்."