பத்துக்கு எத்தனை வலி

எத்தனைன்னு திடீர்னு கேட்டா எப்படி நர்ஸ் மிஸ்ஸி சொல்றது? சைபர்லருந்து பத்து வரைக்கும்னு சொல்றீங்க, சரி. பத்துன்னா யாரு பத்து? உங்க பத்தும் என் பத்தும் ஒன்னாயிருமா? சாலாக் செலாத்தான்ல என் கூட்டாளி தம்புன்னு ஒருத்தன் இருக்கான், அவனுக்குக் கொசு கடிச்சாலே ஏழு. அதனாலதான் கேக்குறேன். பாசார்ல மீன் வாங்கப் போனாகூட தராசைப் பாத்துட்டுதானே வாங்குறோம்?

இல்லமா, விளையாடல. வலிக்குது லா. நெசமாதான். இங்க, வெலாவுக்குக் கீழ, இந்த எடது பக்கம்... என்ன ரமணி? ஆங், வலது பக்கம், வலது பக்கம். மாத்திக் காட்டிட்டேன் மிஸ்ஸி. வலி வந்தவனுக்கு எடது வலது ஞாபகம் இருக்குமா? இவ என் வீட்டுக்காரி, ரமணி. எனக்கு ஆஸ்பத்திரி, கிளினிக்னாலே பயம், தனியா வரமாட்டேன்னு இவளத் தொணைக்கு இழுத்தாந்தேன். இவளுக்கு ஒன்னுமில்ல. நல்லாத்தான் இருக்கா. கேட்டுப் பாருங்க, அப்படித்தான் சொல்லுவா.

எப்படிப்பட்ட வலின்னா, எண்ணெய்ச் சாப்பாடு சாப்ட்டு கொஞ்ச நேரத்துல வரும். மொதல்ல கொக்கி போட்டு இழுக்குற மாதிரி. அப்புறம் முதுகுப் பக்கமாப் போயி, வலது தோள்பட்டைல ஏறி ஒக்காந்துக்கும். நிமிர முடியாது. அடுப்பு மேடையப் புடிச்சிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, அப்படியே குனிஞ்சு நிக்கணும். அடுப்பு மேடைக்கு நான் எதுக்குப் போனேனா? தண்ணி குடிக்கப் போனேன் ரமணி. சொந்த வீட்டுல தண்ணி குடிக்கக்கூட லைசன்ஸ் எடுக்கணுமா?

ஏ ரமணி, நம்ம கார் ரெண்டாவது வரிசைல நிக்குது. யாராச்சும் ஹோர்ன் அடிக்கிறாங்களான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாயேன். ஒன்னும் கேக்கலையாம். இவளுக்குக் காது நல்லாக் கேக்கும் மிஸ்ஸி, அதான் என் பிரச்சினையே.

சரி, நம்பர். அந்தச் சுவத்துல ஒட்டியிருக்குற மூஞ்சிங்களப் பாத்துச் சொல்லலாமா? மொத மூஞ்சி சிரிக்குது. கடைசி மூஞ்சி கண்ணீர் விடுது. நடுவுல இருக்கே, அது அப்படியே தம்பு, வீட்டுச் சாவியத் தொலைச்ச தம்பு. என் மூஞ்சி இதுல இல்லையே மிஸ்ஸி. மீசை வச்ச மூஞ்சி ஒன்னுகூட வரையல.

அதுக்குத்தான் சொல்றேன், மொதல்ல என் பழைய பத்து எதுன்னு பாத்துக்குவோம். செமினில தம்புவோட மச்சானுக்கு ஒரு டுரியான் தோட்டம். டுரியானுக்குக் கண்ணு இருக்கு, மனுசன் மேல விழாதுன்னு சொல்லுவாங்கல்ல? கண்ணு இருக்குறது உண்மைதான். அன்னிக்கு அது என்னப் பாத்துட்டுதான் விழுந்துச்சு. இந்தத் தோள்ல. முள்ளு சட்டையோட சேந்து உள்ள எறங்கிருச்சு. சிரிக்காத ரமணி. இவ சொல்ற கதைல அது தரைல விழுந்து, உருண்டு வந்து என் கால்ல முட்டுச்சாம். தம்பு சொல்ற கதைல அது அவன் மேலதான் விழுந்துச்சாம். அவன் மரத்துப் பக்கமே வரல மிஸ்ஸி, கார்ல தூங்கிட்டிருந்தான்! ஒரே பழம், மூனு கதை. நான் என்ன சொல்றேன்னா, தழும்பு யாருகிட்ட இருக்கோ அவன் கதைதான் ஒரிஜினல். இதோ, இங்க பாருங்க. தெரியலையா? இங்க வெளிச்சம் பத்தல.

அதுக்கு நான் பத்து போட்டேன். இவ ரெண்டுன்னா. எப்பவும் இப்படித்தான். நான் பத்துன்னா இவ ரெண்டும்பா. அப்புறம் அந்தப் பழத்த வெட்டித் தின்னோம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பழம். அதனால நானே ஒம்போதாக் கொறைச்சுக்கிட்டேன்.

சீக்கிரமா? சரி சரி. வாசல்ல ஆள் நிக்கிறாங்க, தெரியுது. பாஸ், ஒரு நிமிசம் பொறுத்துக்குங்க, வலிய எடை போட்டுக்கிட்டு இருக்கோம்.

ரமணி, எனக்கு நாக்கு வறண்டு போச்சு. வெளிய மெசின்ல ஒரு போத்தல் தண்ணி வாங்கியாந்து குடேன். பைல இருக்கா? இருக்கும் லா. இவ பைல எல்லாமே இருக்கும் மிஸ்ஸி. தண்ணி, தைலம், பிஸ்கட், சட்டைப் பட்டன். வெளிய போறதுக்கு ஒரு காரணம் மட்டும் அதுல இருக்காது.

அப்ப அது ஒம்போதுன்னா, பத்து எதுன்னு கேளுங்க. தைப்பூசம். பத்துமலை. அலகு இல்லமா! அலகு ரெண்டு கன்னத்துலயும் ஏறினப்ப வலி சைபர், முருகன் சத்தியமா. நாக்குல வேல் குத்தினப்பவும் சைபர். ஆனா காவடில மாவெலை கட்டியிருந்தாங்க. அந்த எலைல கெரெங்கா இருந்திருக்கு, செவப்பு எறும்பு, கடிச்சா விடாது. அது பாத யாத்திரையா எறங்கி வந்து என் அக்குளுக்குள்ள போயிருச்சு. ரெண்டு கையும் காவடிமேல, சொறிய முடியாது. நாக்குல வேல், சொல்ல முடியாது. ஆடினேன் மிஸ்ஸி. ஆடினேன் பாருங்க ஒரு ஆட்டம்! அதப் பாத்துட்டு மேளக்காரனுங்க வேகத்த ஏத்திட்டானுங்க. அரோகரா அரோகரான்னு ஒரே சத்தம். ஒரு ஆன்டி கால்லயே விழுந்துட்டாங்க, முருகா, எம்மவனுக்கு எப்பப்பா கல்யாணம்னு. எறும்பு ரெண்டு தடவ கடிச்சுச்சு, நான் ரெண்டு தடவ ம்ம்ம், ம்ம்ம்னேன். ரெண்டு மாசத்துல ஆயிரும்னு சாமி சொல்லிட்டாருன்னு கண்ணத் தொடைச்சிக்கிட்டுப் போயிட்டாங்க.

ஆச்சு மிஸ்ஸி! கல்யாணம் ஆச்சு. கிள்ளான்ல, மண்டபத்துல. எனக்கு முன்வரிசைல எடம்.

இவதான் கண்டுபிடிச்சா. கூட்டத்தத் தள்ளிக்கிட்டு வந்து, அக்குள்ல கைய விட்டு எறும்ப எடுத்துப் போட்டா. எப்படிடி தெரிஞ்சுதுன்னு அப்புறமாக் கேட்டேன். சாமி வந்தா நீங்க இவ்ளோ நல்லா ஆட மாட்டீங்கன்னா. அந்தக் கடிக்கு எத்தனை குடுத்தா தெரியுமா? ரெண்டு.

அன்னிக்கு இவ பால்குடம் எடுத்திருந்தா. வெறுங்கால், தார் ரோடு, நல்ல வெயிலு. வீட்டுக்கு வந்து எனக்கு மஞ்சள் அரைச்சுப் பூசினா. தரை அங்கங்க ஈரமா இருக்கேன்னு பாத்தா, இவ உள்ளங்கால்ல கொப்புளம் ஒடஞ்சு நடந்த எடமெல்லாம் தடம். என்னடின்னா, ஒன்னுமில்லங்க, கொஞ்சம் சூடுன்னா. சொல்லக்கூடாதா ரமணி? சரி, சொல்லல.

இன்னும் ஒன்னே ஒன்னு சொல்லிட்டு நம்பர் குடுத்துர்றேன். எங்க மூத்தவ நிரஞ்சனி பொறந்தப்ப, அந்தக் காலத்துப் பெரிய மிஸ்ஸி ஒருத்தங்க எட்டிப் பாத்துட்டு, இந்தப் பொண்ணு கத்தவே இல்ல, இன்னும் நேரம் இருக்குன்னு டீ குடிக்கப் போயிட்டாங்களாம். டீ ஆறுறதுக்குள்ள புள்ள பொறந்துருச்சு. அன்னிக்கு அங்க கத்தினது நான் ஒருத்தன்தான். பதட்டத்துல கதவுல வெரல மாட்டிக்கிட்டேன். எனக்குதான் மொதல்ல கட்டுப் போட்டாங்க. ஊரே என் வெரலப் பாத்துட்டு அப்புறம்தான் புள்ளையப் பாத்துச்சு. பாருங்க மிஸ்ஸி, கத்தினாதான் உங்க எடத்துல...

என்ன ரமணி? எங்க? டாய்லெட்டா? போ, போ. பையக் குடு, நான் வச்சிருக்கேன். மெதுவாப் போ. அந்தப் பக்கம், வலது கைப் பக்கம்.

போயிட்டாளா? கதவச் சாத்துங்கமா. சாத்துங்க சீக்கிரம். தாரா, பேட்ஜுல தாரான்னுதானே போட்டிருக்கு? தாரா, இந்தக் கண்ணாடி வழியாப் பாருங்க. டாய்லெட் பக்கம் போகல பாத்தீங்களா? சுவத்தப் புடிச்சிக்கிட்டுக் குனிஞ்சு நிக்கிறா. இன்னொரு கை எங்க இருக்கு? வெலாவுக்குக் கீழ.

எனக்கு வலி இல்லமா. சைபர். காலைல பசியாற மூனு ரொட்டி சானாய் சாப்ட்டேன், கறிக் கொழம்போட. இவ்ளோ நேரம் நான் சொன்னது அவ வலி. சாப்பாட்டு மேசைல எதிர்ல ஒக்காந்து பாத்துப் பாத்து மனப்பாடம் பண்ணது. அதான் பக்கம் மாறிப்போச்சு.

கூப்ட்டா வரமாட்டா. காத்துங்க, ஓமத்தண்ணி குடிச்சாப் போயிரும்பா. தீவாளி முடியட்டும்பா. நிரஞ்சனி லீவுல வந்துட்டுப் போகட்டும்பா. ஆனா எனக்கு ஒன்னுன்னா கார் சாவி அவ கையிலதான் இருக்கும். அதனாலதான் இன்னிக்குக் காலைல நான் போயி அடுப்பு மேடையப் புடிச்சிக்கிட்டுக் குனிஞ்சேன். நல்லாத்தான் குனிஞ்சேன் போல, சீல மாத்தாமக் கெளம்பிட்டா.

நேத்து பாத்திரம் கழுவுறப்ப, குழாய ஃபுல்லாத் தொறந்து விட்டுட்டு அழுதா தாரா. எனக்குக் கேக்கக்கூடாதுன்னு. கட்டிக்கிட்டு இத்தனை வருசத்துல அவ வலிக்குதுன்னு அழுது நான் பாத்ததில்ல.

நீங்க நேரா கேட்டீங்கன்னா அந்த மொத மூஞ்சியத்தான் காட்டுவா, அதே மாதிரி சிரிச்சுக்கிட்டு. சைபர்னுவா. ரொம்பக் கேட்டா ரெண்டும்பா. நம்பிராதீங்க. என் வலிலருந்து அவ கொறைச்ச எட்டையெல்லாம் சேத்து அவளோடதுல கூட்டிக்குங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க, அப்புறம் வீட்டுல எனக்கு நெசமாவே பத்து ஆயிரும்.

வரா, வரா.

ஐயோ! முருகா! ஒம்போது மிஸ்ஸி, ஒம்போதரை! அம்மா! வந்துட்டியா ரமணி? மிஸ்ஸி என்னமோ சொல்றாங்க பாரு, கூட வந்தவங்களையும் டாக்டர் பாத்துருவாராம். ஒரே வீட்டுச் சாப்பாடு சாப்புடுறோம்ல, அதனால ரெண்டு பேர் வயித்தையும் பாக்கணுமாம். இங்க அதான் ரூல்ஸாம். அப்படித்தானே மிஸ்ஸி? பாத்தியா, ஆமாங்கிறாங்க. கவர்மெண்ட் ரூல்ஸ், நாம என்ன செய்ய முடியும்? இந்தா, நாக்காலில நீ ஒக்காரு. மொதல்ல நீ ஒக்காரு லா. எனக்கு வேணாம், எனக்கு நின்னாத்தான் வலி தெரியாம இருக்கு.