பன்னிரண்டாவது கழுத்து

— தொப்பியைக் கழட்டு, ரெஜிஸ். கோயிலுக்குள்ள வந்தாச்சு.

— வாசப்படியிலதானே நிக்கிறேன், யோலாந்த். உள்ள வந்துட்டேன்னு யாரு சொன்னா?

— அறுபத்திமூணு வயசுல வாசப்படி வரைக்கும் வந்துட்டே. இன்னும் ரெண்டு எட்டுதான். வீட்டுலேருந்து மூணு கிலோமீட்டர்ல இந்தத் துறவி மடத்துக் கோயில். அதை ஒரு தடவைகூட எட்டிப் பாக்காத ஆளு, சீனோன்லேருந்து தூர் நகரம் வரைக்கும் தேடினாலும் நீ ஒருத்தன்தான் இருப்பே.

— எங்கப்பன் பாக்கல. அவனோட அப்பனும் பாக்கல. புர்தோ வீட்டு ஆம்பளைங்க இந்தப் படியை மிதிக்கறதில்ல. நம்ம கல்யாணத்தையே பக்கத்து ஊர்க் கோயில்லதானே வச்சோம்?

— ஆமா, கொட்டுற மழையில, டிராக்டர்ல. அந்த வெள்ளைக் கவுனு அன்னிக்கே போச்சு. தொப்பி!

— கழட்டிட்டேன் தாயே. பாத்ததும் கெளம்பிடணும். திங்கக்கிழமை கொத்தனாரு வந்து ஆட்டுக் கொட்டில் சுவரை இடிக்கப் போறாரு. அதுக்குள்ள, அந்தச் சுவத்து மூலையில கெடைச்ச கல்லுத் தலைக்கு ஒரு வழி பண்ணியாகணும்.

— என்ன வழி பண்ணப் போறே?

— அது இந்த மடத்துதான்னு தெரிஞ்சா, சாக்குல கட்டி ஆத்துல போட்டுடுவேன். எம் ஆடுங்க மேல சத்தியம்.

— போடுவே, போடுவே. சுண்ணாம்பை ஒரு வாரம் உக்காந்து உரிச்சது நானில்ல? வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா வந்துச்சு. உள்ளேருந்து அந்தச் சிரிப்பு தெரிஞ்சப்ப கையில இருந்த கத்தியைக் கீழ போட்டுட்டேன். அந்த முகத்தையா தண்ணியில அமுக்குவே?

— உனக்கென்ன, நீ வெளியூர்லேருந்து வந்தவ. பள்ளிக்கூடத்துல என்னை எப்படிக் கூப்பிடுவாங்க தெரியுமா? 'சாமியுடைச்சான்'. பேரு சொல்லியே கூப்பிட மாட்டானுங்க. இருநூறு வருஷத்துக்கு முன்னால, கோயிலையெல்லாம் உடைச்ச அந்தப் புரட்சி நடந்த காலத்துல, எங்க முப்பாட்டன் ஒருத்தன் இந்த ஊர்ல கல்தச்சன். இங்க இருந்த சிலைங்களை உடைச்சவன் அவன்தான்னு பேச்சு. கைவண்டியில ஒரு தலையை வச்சுத் தள்ளிக்கிட்டுப் போனானாம். இத்தனை வருஷம் வெறும் பேச்சாத்தான் இருந்துச்சு. இப்ப அந்தத் தலையே எங்க கொட்டில்ல கெடைச்சா? பண்ணையை நம்ம பொண்ணு மதில்த் எடுத்து நடத்தப் போறா. அவளுக்கும் அந்தப் பேரு ஒட்டிக்கணுமா?

— அதெல்லாம் அப்புறம். இப்ப உள்ள வா.

— வரேன், வரேன். இழுக்காதே. நான் என்ன வெள்ளாட்டுக் குட்டியா, கயித்தைப் பிடிச்சு...

— என்ன, நின்னுட்டே?

— மெதுவாப் பேசு.

— இங்க ஒரு ஈ காக்கா இல்லியே.

— இல்லதான். இருந்தாலும் மெதுவாப் பேசு. இது எப்படி நிக்குது, யோலாந்த்?

— எது?

— எல்லாந்தான். தூணைப் பாரு, எவ்வளவு ஒல்லியா இருக்கு. மேல எவ்வளவு கல்லு! நம்ம வைக்கோல் கொட்டகையை ஒண்ணு மேல ஒண்ணா நாலு அடுக்கலாம் போலிருக்கே. நான் தனி ஆளா நிலவறை வெட்டினவன். கல்லோட கனம் என்னன்னு என் தோளுக்குத் தெரியும். இங்க அதுக்குக் கனமே இல்ல.

— காட்டுக்குள்ள நின்னு அண்ணாந்து பாக்குற மாதிரி இருக்குல்ல?

— காடு தானா வளருது. இதை மனுஷன்ல வளத்திருக்கான்! கயித்தையும் மரச்சாரத்தையும் வச்சுக்கிட்டு. கீழ ஒருத்தன் ஆரம்பிச்சிருப்பான், மேல மூடுறப்ப அவன் பேரன்கூட செத்திருப்பான். முடியும்னு எப்படி நம்பினான்?

— உன் சட்டையைப் பாரு. சன்னல் கண்ணாடியோட சிவப்பு அப்படியே நெஞ்சு மேல விழுது.

— கையில நீலம். தொட்டா ஈரமா இருக்கும்னு தோணுது. அடப்பாவி, மூணு கிலோமீட்டர்ல இதை வச்சுக்கிட்டு ஆயுசு பூரா முதுகைக் காட்டிக்கிட்டு உழுதிருக்கேனே.

— அழுறியா?

— அண்ணாந்து பாத்ததுல கழுத்து வலிக்குது.

— சரி, கழுத்துன்னே வச்சுக்குவோம். இங்க வா, பலிபீடத்துக்குப் பின்னால. தேவதூதருங்க இங்க நிக்கிறாங்க. பன்னிரண்டு பேரு, ஆளுக்கொரு வாத்தியம். ஐயோ, ஒருத்தருக்கும் முகமில்ல.

— இந்தக் கடைசி ஆளுக்குத் தலையே இல்ல. இரு, இந்தக் கல்லு பெஞ்சு மேல ஏறினா கழுத்து எட்டும்.

— மிசியே! எறங்குங்க! அது உக்கார்றதுக்கு, ஏறுறதுக்கில்ல!

— மன்னிச்சுக்குங்க மதாம். எறங்கிட்டேன்.

— கடவுளே! புர்தோ வீட்டு ரெஜிஸ்தானே நீங்க? சந்தையில பாலாடைக்கட்டி விக்கிறவரு? நான் ஆர்லெத். இருபது வருஷமா இந்தக் கோயில் சாவி என்கிட்டதான். உங்க வீட்டாளு இங்க வந்து நான் பாத்ததே இல்ல. கடைசியா ஒருத்தர் வந்துபோனப்ப பன்னிரண்டு முகம் போச்சு. இன்னைக்கு எதை எடுத்துட்டுப் போக வந்தீங்க?

— கேட்டியா, யோலாந்த்? இதுக்குத்தான் வரமாட்டேன்னேன். கெளம்பு.

— நான் கெளம்பல. மதாம் ஆர்லெத், என் போன்ல ஒரு படம் இருக்கு. பாருங்க.

— வேணாம் யோலாந்த்!

— இருங்க, என் கண்ணாடி எங்க... யாரு இது?

— இதோ நிக்கிறாரே, சின்ன யாழ் வச்சுக்கிட்டு, அவருதான். இவரு தோளு வலப்பக்கம் சாயுது பாருங்க. படத்துல தலையும் அப்படியே சாயுது. கண்ணை மூடிக்கிட்டு ஏன் சிரிக்கிறாருன்னு ஒரு வாரமா எனக்குப் புரியல. யாழைப் பாத்தப்புறம்தான் புரியுது. தான் வாசிக்கிறதைத் தானே கேட்டுக்கிட்டிருக்காரு.

— கடவுளே, மூக்கு இருக்கு. உதடு இருக்கு. கண்ணிமைகூட... இருபது வருஷமா இவங்க காலடியைப் பெருக்குறேன். எப்படி இருந்திருப்பாங்கன்னு நெனைக்காத நாளில்ல. படத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கிக் காட்டுங்க.

— மதாம், இது எங்க ஆட்டுக் கொட்டில்ல இருந்தது. ஆத்துல போடறதாத்தான் வந்தேன். இந்த இடத்தைப் பாத்ததுக்கப்புறம் அது என்னால ஆகாது. கொண்டாந்து குடுத்துடறேன். எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் ஊருக்குச் சொல்லாதீங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா.

— இதை எப்படி மறைக்கிறது, மிசியே? இது உள்ள வந்த நிமிஷமே ஊரு பூரா இங்கதான் நிக்கும்.

— அதுவும் சரிதான். ஆனா மதாம், ஒரு விஷயம் உறுத்துது. ஏறினப்ப அந்தக் கழுத்து மேல கை வச்சேன். புறா எச்சமும் தூசியுமா இருந்துச்சு, ஆனா அதுக்கு அடியில ஒரே மட்டமா இருந்துச்சு. இன்னொரு தடவை ஏறலாமா?

— ஏறுங்க. நான் பாக்கல.

— யோலாந்த், உன் கைக்குட்டையைக் குடு. தொடைச்சுப் பாக்குறேன். இது உடைஞ்ச கல்லு இல்ல.

— பின்ன?

— அறுத்தது. நம்ம பக்கத்து வெள்ளைக்கல்லுதான் ரம்பத்துக்கு வெண்ணெய் மாதிரியாச்சே. ரம்பப் பல்லு ஓடின தடம் வரிவரியாத் தெரியுது. முன்னாலேருந்து பாதி, பின்னாலேருந்து பாதி. நடுவுல வந்து சேருது. ஒரு சில்லுகூடப் பேரல. இதை ஆத்திரத்துல செஞ்சிருக்க முடியாது.

— அடுத்தவரைப் பாரு.

— சுத்தியல். காது மட்டும் மிஞ்சியிருக்கு. இவரு? சுத்தியல். இவரும் சுத்தியல். கடைசி வரைக்கும் அப்படித்தான். பதினோரு பேரையும் மூஞ்சியிலயே அடிச்சிருக்காங்க.

— விக்கிறதுக்கு அறுத்திருந்தா உன் முப்பாட்டன் வித்திருப்பாரே, ரெஜிஸ். ஒருத்தர் கண்ணுக்கும் படாம மூலையில வச்சுப் பூசி, வருஷா வருஷம் பூசச் சொல்லிட்டில்ல போயிருக்காரு.

— எங்கப்பா சாகக் கெடந்தப்பகூட, 'அந்த மூலைக்குச் சுண்ணாம்பு மறந்துடாதே'ன்னாரு. ஏன்னு அவருக்கும் தெரியாது.

— மதாம் ஆர்லெத், ஊர்ல இதைப் பத்தி என்னதான் சொல்லுவாங்க?

— வெளியூர்லேருந்து ஒரு படை வந்து உடைச்சது, அதுக்கு வழி காட்டினவன் புர்தோ. அப்படித்தான் நாங்க சொல்லுவோம். என் பிள்ளைங்களுக்கும் நான் அதைத்தான் சொன்னேன்.

— நெசம் அது இல்லியா?

— எங்க அடுப்பங்கரைச் சுவத்துல ஒரு கல்லு விரல் இருக்கு, மதாம். எதிர்வீட்டுக் கெணத்து மேடையில பாதி உதடு. ஊர்ல எந்தப் பழைய சுவத்தை இடிச்சாலும் ஏதாவது ஒரு முகத்தோட சில்லு விழும். நாங்க பேசாம திரும்பப் பூசிடுவோம்.

— அப்படின்னா...

— எறங்கி வாங்க, மிசியே புர்தோ. அன்னிக்கு ஊரே சுத்தியலோட வந்திருந்துச்சு. ரம்பத்தோட வந்தவரு உங்க வீட்டாளு ஒருத்தருதான்.