வீரணன் மாற்றாத வாட்டர் பம்ப்

உச்சிவெயில், பன்னிரண்டரை மணி. உசிலம்பட்டி தாண்டிப் பேரையூர் போகிற ரோடு. சித்திரை மாதம். ரெண்டு பக்கமும் கருவேலங்காடு... ஆள் கிடையாது. காக்கா கூடக் கிடையாது.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? ஹம்சவேணி, நீயும் மற்றவர்களும் கிட்டே வந்து உட்காருங்கள். கரண்ட் வர நேரமாகும்.

இது என் சிநேகிதி சத்யப்ரியாவின் அத்தைக்கு நடந்தது. தொண்ணூற்றெட்டில். ஆரப்பாளையம் ஹாஸ்டலில் இருந்தபோது சொன்னாள். சொல்லி முடிக்கிறவரை கையில் இருந்த தண்ணீரை அவள் குடிக்கவே இல்லை.

அத்தை பெயர் ஜெயக்கொடி. ரெண்டாந்தாரம். மாமா வீரணன் வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டினார். மூத்தவள் சீனியம்மாள் செத்து மூன்று வருஷம். அந்த வீட்டில் மூத்தாளுக்குச் சேலை வைத்துக் கும்பிடுவார்கள். கும்பிட்ட பிறகு அதை இளையவள் கட்டிக்கொள்ள வேண்டும். நல்லநாள் சோறும் அப்படித்தான். முதல் வாய் அவளுக்கு. மிச்சம் இவளுக்கு.

மிச்சம்... அத்தைக்கு அது தொண்டையில் நின்ற முள். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் குழாயடியில் வைத்துச் சண்டை போடலாம். செத்தவளை என்ன செய்வது? அவள் குழம்பில் உப்பைக் கூட்டமாட்டாள். அவளுக்கு நரைக்கவும் செய்யாது.

காரிலும் அத்தைக்குப் பின்சீட்டுதான். முன்சீட்டில் ஒரு தண்ணீர்க் கேன் உட்கார்ந்திருக்கும். அந்த வண்டியில் தண்ணீர் நிற்காது. பேரையூர் ரோட்டில் ஒரு புளியமரம் வந்தால் ரேடியேட்டர் வற்றிவிடும். மாமா இறங்கி பானட்டைத் தூக்குவார். அதற்கு அந்தப் பக்கம் கேனோடு மறைந்துவிடுவார். குடக்... குடக்... தண்ணீர்ச் சத்தம். கூடவே அவர் குரல். பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி ஒரு குரல்.

அத்தையிடம் அவர் அந்தக் குரலில் ஒருநாளும் பேசியதில்லை.

"தண்ணியை ஒழுக்குற அந்த வாட்டர் பம்பை மாத்தித் தொலைங்களேன்."

"ஓடுதுல்ல... ஓடட்டும்."

ஒருநாள் அவர் திருவாதவூருக்கு எழவுக்குப் போனார். அத்தை மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டாள். பேர் பேயாண்டி. சிரிக்காதே ஹம்சவேணி, அந்தப் பக்கம் அப்படிப் பேர் உண்டு. அவன் பெல்ட்டைக் கழற்றி, ஃபேனைக் கழற்றி, பம்பை வெளியே எடுத்தான். உள்ளங்கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தான். மறுபடி சுற்றினான்.

"மதினி, இதுல கோளாறு ஒண்ணும் இல்லியே. பேரிங் ஆடல. கசிஞ்சா இந்த ஓட்டைக்குக் கீழ துருக்கோடு விழுந்திருக்கும், அதுவும் இல்ல. ஆயில்லயும் தண்ணி கலக்கல."

"அப்ப தண்ணி எங்கப்பா போகுது?"

"அதான... அம்புட்டுத் தண்ணியையும் யாரு குடிக்கிறா?"



"புதுசை மாட்டு. பழச எங்கிட்டக் குடு."

பழைய பம்பை அவளே தூக்கிப் போய்க் கிணற்றில் போட்டாள்.

அடுத்த வாரம் பேரையூரில் ஒரு காதுகுத்து. அத்தை கேனைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மாமா பார்த்தார். சாவியைத் திருப்பினார். வண்டி நன்றாகவே ஓடியது. புளியமரம் வந்தது. அவர் பிரேக்கில் கால் வைத்தார்.

"எதுக்கு நிப்பாட்டுறீங்க? புதுப் பம்புங்க. சூட்டு மீட்டர் முள்ளு நடுவுலதான நிக்குது, பாருங்க."

அவள் கண்ணெதிரே முள் ஏறியது. விறுவிறுவென்று... கடைசிக் கோடுவரை. காய்ந்த இரும்பு வாடை. அதோடு ஈர மஞ்சள் வாடை.

மாமா கேனை எடுத்துக்கொண்டு இறங்கினார். பானட் மேலே போனது. அதன் அடியில் ஒரு விரல்கடை சந்து இருக்குமே, முன்சீட்டில் இருந்தால் மட்டும் தெரியும். அத்தை அதன் வழியாகப் பார்த்தாள். கேனைப் பிடித்த ரெண்டு கைகள். அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு கை. பச்சைக் கண்ணாடி வளையல் போட்டு... தண்ணீருக்குக் குவித்த கை.

"குடி சீனி. அன்னிக்குத்தான் குடுக்கல..."

மூன்று வருஷத்துக்கு முன்னால் வாந்திபேதி கண்ட சீனியம்மாளை இதே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இதே மரத்தடியில் இஞ்சின் கொதித்து நின்றது. இருந்தது ஒரே கேன். அவள் தண்ணி, தண்ணி என்று கேட்டாள். போய்ச் சேர்ந்தால் பிழைத்துக்கொள்வாள் என்று அவ்வளவையும் ரேடியேட்டரில் ஊற்றினார். போய்ச் சேருவதற்குள் அவள் இல்லை.

ஊரே சொன்ன கதை. அத்தைக்கும் தெரியும். பயம் வந்திருக்க வேண்டும். இரக்கமாவது வந்திருக்க வேண்டும். எனக்கு இப்போது யோசித்தால் புரிகிறது, அவளுக்கு ரெண்டும் வரவில்லை. செத்தும் அவளுக்குத்தானா முதல் வாய்? அது ஒன்றுதான் வந்தது.

இறங்கிப் போய்க் கேனைப் பிடுங்கினாள். அண்ணாந்தாள். சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"இன்னிக்கு எனக்குத்தான் மொதல்ல."

ரேடியேட்டர் மூடியைத் திறக்க மாமா பிடித்திருந்த துணி கீழே விழுந்தது. பானட் தானாக இறங்கி மூடிக்கொண்டது... டப்.

அதற்குப் பிறகு அந்த ரேடியேட்டர் வற்றவே இல்லை.

தீபாவளிக்குச் சத்யப்ரியா அந்த வீட்டுக்குப் போனாள். அடுப்படியில் அத்தை குடத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. மாமா மொண்டு மொண்டு கொடுத்தார். பாதிக் குடம் போயிருந்தது. அவர் அந்தக் குரலில் கேட்டார்.

"போதுமா சீனி?"

அத்தை சண்டை போடவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இம்புட்டு நாளும் அந்தக் குரலுக்குத்தானே காத்திருந்தாள்...

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் குவித்து நீட்டினாள். மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல்.