கிட்டங்கிக் கடுவன்

இல்ல சார், கோழி இல்ல. பூனை. கடுவன் பூனை. சாக்கு வாய நல்லா இறுக்கிக் கட்டித்தான் வாளிக்குள்ள எறக்கியிருக்கேன், பயப்படாதிய. கம்பவுண்டர் அண்ணாச்சி குனிஞ்சு பாத்தாவ, அது ஒரு சீறு சீறுனதும் டீ குடிச்சிட்டு வாரேன்னு போயிட்டாவ. நல்லதாப் போச்சு. உங்ககிட்டத் தனியா நாலு வார்த்த பேசணும்.

வாளியா? ஆமா, நல்ல வாளிதான். எங்க வீட்டு ஆளு கல்யாணத்துக்கு முன்னாலயே கொண்டாந்தது. பிளாஸ்டிக்குதான், ஆனா கெட்டி.

பூனை எங்களது இல்ல. பக்கத்து வீட்டுப் பொன்னுதுரை அண்ணாச்சி வளக்காவ. அவியளுக்குக் கருப்பட்டி மூடை அடுக்கி வைக்கக் கிட்டங்கி இருக்குல்லா, அங்கன எலிக்குக் காவலுக்குன்னு வச்சிருக்காவ. மைனருன்னு பேரு. பேருக்கேத்த பெறவி. எலி புடிச்சத நான் கண்ணால கண்டதில்ல. தெருவுல ஒரு பொட்டப் பூனைய நிம்மதியா இருக்க விடாது. எங்க வெள்ளச்சி எலும்பும் தோலுமாப் போயிட்டா. ஈன்ன ஒடம்பு தேறதுக்குள்ள ஓட்டு மேல ஏறி நின்னு ஊளையிடும். வெரட்டுனா நம்மளத்தான் மொறைக்கும்.

குட்டியளையும் விடாது சார். போன ஈத்துக்கு நெல்லுக் குலுக்கைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தா, பாவம். நான் குழாயடிக்குப் போயிட்டு வாரதுக்குள்ள அம்புட்டையும் குதறிப் போட்டுட்டு மீசைய நக்கிக்கிட்டு நிக்கி. பொறவு வெள்ளச்சி ஒவ்வொரு பாத்திரமா எட்டிப் பாத்துக் கத்திக்கிட்டே திரிஞ்சா. எனக்குச் சோறு எறங்கல.

சிரிக்காதிய சார். பூனைக்குப் போயி இம்புட்டு அழுகையான்னு எங்க மாமியாளும்தான் கேக்காவ. அதோட விட்டாப் பரவால்லயே. பூனை வருசம் முச்சூடும் பெறுது, நீ ஒண்ணுக்கு வழியில்லாம அதுக்குப் பால் ஊத்திக்கிட்டு இருக்கியேளாங்காவ. ஆமா, கல்யாணமாயி ரெண்டு வருசம் தாண்டிட்டு. இல்ல, ஒண்ணும் தங்கல. நான் விழுந்து கும்புடாத கோயில் இல்ல. வேப்பங்கொழுந்த அரைச்சுத் தந்தாவ, கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சேன். இப்ப எட்டயபுரத்துப் பக்கம் ஒரு பிள்ளையப் பாத்து வச்சிருக்காவ. எங்க வீட்டு ஆளுக்குத்தான் சார், வேற யாருக்கு? ஆவணியில வெத்தல பாக்கு மாத்தணுமாம். அந்தப் பிள்ள வந்துட்டா எனக்கு அங்கன என்ன வேல? எங்க அய்யா வீட்டுக்குப் போனா மைனி வாசல்லயே மறிச்சு நிப்பா. சரி, அது கெடக்கட்டும். பூனைக்கு வருவோம்.

கேக்காமலா? பொன்னுதுரை அண்ணாச்சிகிட்ட மொறையாத்தான் கேட்டேன். மைனர மாட்டாஸ்பத்திரியில காட்டிக் காயடிச்சிருவோம், நானே தூக்கிட்டுப் போறேன்னு சொன்னேன். குதிச்சாவ பாருங்க! ஆம்பளப் பெறவிக்கு அதச் செஞ்சா வம்சத்துக்கே ஆவாதாம். காளை மாட்டுக்குக் காயடிக்கையில எந்த வம்சம் அழிஞ்சிதாம்? அவிய வீட்டுக்காரி சண்முகத்தாய் அக்கா ஒருபடி மேல. பிள்ள பெறாதவ கண்ணு எங்க பூனை மேலயும் விழுந்துட்டுன்னு கையத் தட்டிச் சொன்னா. தெருவே கேட்டுக்கிட்டு நின்னுது.  இந்தத் தெருவுல ஒரு பூனைக்கு இருக்க மரியாதி எனக்கு இல்ல.

இன்னைக்குக் குடும்பத்தோட திருச்செந்தூருக்குப் போயிருக்காவ. சாளை மீன் தலையக் காட்டிப் புடிச்சேன். இந்தா பாருங்க கைய, எப்படிப் பெறாண்டி வச்சிருக்குன்னு.

பொறுங்க சார், ஊசி போடதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். இப்படி வெட்டிவிட்டது பொறவு சேருமா? தானாச் சேராட்டாலும், திரும்ப ஆப்பரேசன் பண்ணிச் சேக்கலாமா?

பூனைக்கு இல்ல சார். எங்க வீட்டு ஆளுக்கு.

கம்பவுண்டர் அண்ணாச்சி வந்துட்டாவளா? இல்லல்லா. பெரியாஸ்பத்திரிக்கு நான் எப்படிப் போவேன்? எங்க நாத்தனா அங்கன ஆயா வேல பாக்கா. நான் வாசப்படி மிதிச்சா மாமியாளுக்குச் சேதி போயிரும். பூனையத் தூக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போறவள எவ கேக்கப் போறா? நீங்களும் படிச்ச டாக்டருதான.

எனக்கே போன வாரந்தான் தெரியும். எங்க வீட்டு ஆளு உப்பளத்துலருந்து வந்து சோத்துக்கு உக்காந்திருந்தாவ. அண்ணாச்சி ஊருக்குப் போவட்டும், மைனரக் கொண்டுபோயிக் காயடிச்சிருதேன்னு பேச்சுவாக்குல சொன்னேன். சோத்துல வச்ச கைய எடுத்துட்டாவ. அதுக்கு மட்டும் அதப் பண்ணாதளான்னாவ. ரெண்டாங் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கையில வாயத் தொறக்காத மனுசன், கண்ட பூனைக்குப் பரிஞ்சு பேசுதாவளேன்னு எனக்கு வந்துது பாருங்க கோவம். கத்துனேன். அப்பத்தான் தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டே சொன்னாவ.

அந்த எமர்ஜென்சியில, குடும்பக் கட்டுப்பாட்டுக் கேம்ப்புக்கு ஆளு புடிச்சாவளே, அப்ப. அவியளுக்குக் கல்யாணம்கூட ஆவல. அளத்துல வேல வாங்குற கண்காணி வந்து, வண்டியில ஏறாதவனுக்கு நாளையிலருந்து அளத்துல வேல இல்லன்னுட்டாராம். கேட்டா மூணு பிள்ளைக்குத் தகப்பன்னு சொல்லுலேன்னு சொல்லிக் கொடுத்தாராம். சொல்லியிருக்காவ. கொஞ்ச நாள்ல அதுவாச் சேந்துரும், பயப்படாதன்னும் அவருதான் சொல்லியிருக்காரு. இவிய அத நம்பி எங் கழுத்துல தாலியக் கட்டிட்டாவ. இன்னைக்குச் சேரும், நாளைக்குச் சேரும்னு இருந்திருக்காவ சார். நான் வேப்பங்கொழுந்து குடிக்கையில பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்திருக்காவ.

மாமியாகிட்டச் சொல்லாமலா இருக்கேன்னு கேக்கியளா? சொல்லப் போறேன்னுதான் எந்திரிச்சேன். கால்ல விழுந்துட்டாவ. புருசன், பொண்டாட்டி கால்ல. வெளிய தெரிஞ்சா கடல்ல போயி விழுந்துருவேங்காவ. எனக்கு மலடின்னு பேரு வந்தா ஒண்ணுமில்ல, அவியளுக்கு ஒரு பேரு வந்துரப்பிடாது. அப்ப அந்த எட்டயபுரத்துப் பிள்ளையும் வந்து வேப்பங்கொழுந்து குடிக்கணுமான்னு கேட்டேன். 

தலைய ஆட்டாதிய சார், சேருமா சேராதான்னு வாயத் தொறந்து சொல்லுங்க.

மதுரையிலயா? அங்கன போனாச் சேத்துருவாவளா? உறுதி கெடையாதா. சேந்தாலும் சேரும், சேராட்டாலும் இல்ல. ம்ம். அவிய வர மாட்டாவ சார். நான் தலகீழா நின்னாலும் வர மாட்டாவ.

வேண்டாம், ஊசிய வச்சிருங்க. இதுக்குப் பண்ண வேண்டாம். எரக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல சார். இத்தன நாள்ல அவிய வாயத் தொறந்து வேண்டாம்னு சொன்னது இந்தப் பூனைக்கு மட்டுந்தான். எனக்காக ஒரு வார்த்த சொல்லல. அவிய சொன்ன அந்த ஒண்ணாவது நடந்துட்டுப் போவட்டும். அண்ணாச்சி வாரதுக்குள்ள கிட்டங்கியில கொண்டு விட்டுருதேன்.

வெள்ளச்சியா? மறுபடியும் சினையா இருக்கா. எங்க ஒளிச்சு வைக்கன்னு இப்பமே மூலை மூலையாத் தேடுதா. கண்டுபுடிச்சிரும் சார் இது. எங்க வச்சாலும் கண்டுபுடிச்சிரும்.

அந்த வாளிய இங்கன தள்ளுங்க. ஆப்பரேசன் பண்ணிக்கிட்டதுக்குக் கேம்ப்புல அவியளுக்குக் கொடுத்தது இதுதான். கல்யாணமாயி வந்த அன்னைக்கு நான் அந்த வீட்டுக்கு மொதத் தண்ணி கொண்டாந்தது இதுலதான் சார். இன்னும் ஒரு சொட்டு ஒழுகல.