பொண்ணு பாக்குற வெளிச்சம்

– இன்னுங் கொஞ்சம் எறக்கு சுருளி. பல்பு மேல இருக்குற சேடு அந்தக் காலண்டர் மட்டத்துக்கு வரணும்.

– எறக்குனா தலையில இடிக்கும்ணே. வர்றவங்கள்ல ஒருத்தராச்சும் நெட்டையா இருக்க மாட்டாரா?

– வர்றவன் உக்காந்து பொண்ணு பாக்கத்தான் வர்றான். நிக்கவா வர்றான்? பல்பு எத்தன?

– நாப்பது வாட்சு.

– இருவத்தஞ்சு போடு.

– என்னத்தச் சொல்ல. இருவத்தஞ்சு போட்டா காப்பிக்குள்ள ஈ கெடந்தாலும் தெரியாதுண்ணே.

– தெரிய வேண்டாம். போடு. பொன்னுமணி, நீ மறுபடி வந்து பாயில உக்காரு ஆத்தா.

– மதியத்துலருந்து உக்காந்து உக்காந்து எந்திரிக்கிறேம்ப்பா. ஜன்னலையும் சாத்தி வச்சிருக்கீங்க. வேர்த்து ஊத்துது.

– ராத்திரி மாதிரி இருந்தாத்தான பாக்க முடியும்? மொகத்தக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பு. ஆங், அப்படியே இரு. சுருளி, தழும்பு தெரியுதா?

– இருக்குன்னு எனக்குத் தெரியிறதால தெரியுது.

– மூணாம் மனுசனா நின்னு பாருய்யா.

– மூணாம் மனுசனுக்குத் தெரியாதுண்ணே. எடது கன்னம் பூராவும் நெழலுக்குள்ள போயிருச்சு.

– அப்பச் சரி. இருவது வருசமா ஏலக்கா சாம்பிள் பாக்குறேன். எந்தப் பக்கத்து வெளிச்சத்துல காய் பச்சையாத் தெரியும், எதுல வெளுத்துத் தெரியும்னு எனக்குத் தெரியாதா?

– சாம்பிளப் பாத்தவன் மூடையப் பிரிச்சுப் பாக்க மாட்டானாப்பா?

– ஆரம்பிச்சுட்டியா?

– பொட்டிபுரத்துக்காரங்க இதே ஹால்ல சரின்னுட்டுப் போனாங்க. வெள்ளிக்கிழமை பரமசிவங் கோயில்ல பகல்ல பாத்துட்டு வேண்டாம்னாங்க. அடுத்தவங்க தட்டு மாத்துன பெறகு வேண்டாம்னாங்க. போன தடவ பத்திரிகையே அடிச்சாச்சு. ஏமாத்திட்டீங்கன்னு அந்தம்மா நம்ம வாசல்ல நின்னு கத்துனப்ப, நீங்க தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னீங்க. இன்னொரு தடவ அதப் பாக்க எனக்குத் தெம்பில்லப்பா.

– நான் நின்னா நின்னுட்டுப் போறேன். ஒம்பது வயசுப் புள்ளைய ஏலக்கா ஸ்டோருக்குச் சோறு கொண்டான்னு கூப்பிட்டது நாந்தான? காய் ஒலத்துற சூட்டுல, ஒங் கன்னத்தச் சுட்ட அந்த இரும்புக் குழாய் கொதிச்சுக் கெடக்குன்னு தெரிஞ்சும், பாத்து வா தாயின்னு ஒரு வார்த்த நான் சொல்லல.

– அத நான் என்னைக்காவது சொல்லிக் காட்டியிருக்கேனா?

– காட்டியிருந்தாத் தேவலை.

– அண்ணே, நான் வேணா செத்த நேரம் வெளிய நிக்கட்டுமா?

– நீ எங்கயும் போகாத. சோலிய முடி.

– யப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இன்னைக்கு அந்த டியூப்லைட்டு எரியட்டும். பாத்துட்டு வேண்டாம்னா, இன்னைக்கே சொல்லிட்டு எந்திரிச்சுப் போகட்டும். ஒரு காப்பியோட முடிஞ்சிரும்.

– ஒனக்குப் பின்னாடி தங்கச்சி ஒருத்தி நிக்கிறா, நெனப்பிருக்கா?

– அவளுக்கு மொதல்ல பண்ணுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

– ஊரு சொல்லும். சுருளி, டியூப்லைட்டு எரியாமப் பண்ணிரு. யாராச்சும் கேட்டா ரிப்பேருன்னு சொல்லிக்கிறேன்.

– அது பெரிய வேலையில்லண்ணே. ஸ்டார்ட்டரக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டாப் போதும்.

– கழட்டாதீங்க சித்தப்பா. ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்.

– நான் என்ன தாயி செய்வேன்? ஒருத்தர் சொன்னாத் தட்டலாம். ரெண்டு பேருல்ல சொல்லிட்டாங்க.

– ரெண்டு பேரா? நான் ஒருத்தந்தானய்யா சொன்னேன்?

– விடுங்கண்ணே. என்னத்தச் சொல்ல, வாய் தவறிருச்சு.

– ஏணிய விட்டு எறங்கு. யாரு அந்த இன்னொரு ஆளு?

– காலையில ராசிங்காபுரத்துலருந்து மாப்ளையோட சித்தப்பா ஜீப்புல கடைக்கு வந்தாரு. ராக்கையா வீட்டுக்கு நீதான் வயரிங்காமே, ஹால்ல டியூப்லைட்டு கெடக்கான்னாரு. கெடக்குன்னேன். சாயங்காலம் நாங்க இருக்குற வரைக்கும் அது எரியாமப் பாத்துக்குவியான்னு கேட்டாரு.

– எதுக்காம்?

– மாப்ளைக்கு ஒரு கண்ணுல பூ விழுந்திருக்காம்ணே. மஞ்சப் பல்புல தெரியாதாம். நாலு எடத்துல ராத்திரி பாத்துச் சரின்னுட்டு, பகல்ல பாத்துட்டு ஒதுங்கிட்டாங்களாம். அந்தப் பையன் இனிமே எங்கயும் வர மாட்டேன்னுருக்கு. கடைசியா ஒரு தடவன்னு கெஞ்சிக் கூட்டிட்டு வர்றாங்களாம்.

– அடப்பாவிகளா! எம்புட்டுத் துணிச்சல் இருந்தா எங்கிட்டயே மறைக்கப் பாப்பானுக! ஏமாத்துக்காரப் பயலுக! சுருளி, சைக்கிள எடு. வெரசாப் போய், யாரும் வர வேண்டாம்னு சொல்லிட்டு வா. ஏன் ஆத்தா, நீ எதுக்குச் சிரிக்கிற?

– வரச் சொல்லுங்கப்பா.

– கண்ணுல பூ விழுந்தவனையா?

– இத்தன தடவையில வந்தவங்க ஒருத்தர் மொகத்தையும் நான் நிமிந்து பாத்ததில்ல. எம்மொகத்த மறைக்கவே நேரஞ் சரியாப் போச்சு. இவர நான் பாக்கணும்ப்பா. சித்தப்பா, டியூப்லைட்டப் போடுங்க.