தண்ணித் தொட்டியும் நிலாவும்

— ஸ்டுடியோவுக்குப் போனியே, ஏம்மா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு வர்றே? இந்த ஃபிலிம் ரோல்லயும் நீ எடுத்த நிலா ஆடிப்போச்சா?

— இல்ல அத்தை. முதல் தடவையா ஒரு படம் கல்லு மாதிரி நின்னிருக்கு. நிலாவுல இருக்கற பள்ளத்தையெல்லாம் எண்ணலாம்.

— அப்ப சிரியேன்!

— நீங்களே நெகட்டிவ்வை ஜன்னல் பக்கம் பிடிச்சுப் பாருங்க. ஓரமா பிடிங்க, விரல் படப்போகுது.

— என் கண்ணாடி... இந்தா இருக்கு. ஐயையோ! இந்தத் துண்டுல பாதி, அந்தத் துண்டுல பாதி. நல்ல நிலாவுக்கு எவன்டி நடுவுல வகிடு எடுத்தான்?

— ஸ்டுடியோக்காரரைச் சொல்லிக் குத்தமில்ல. இருட்டு வானம் ஃபிலிம்ல வெறுமையா விழுது. ஒரு படம் எங்க முடியுதுன்னே அவருக்குத் தெரியல. குத்துமதிப்பா கத்தரியை வச்சுட்டார்.

— இத்தனை மாசம் ஒழுங்காத்தானே வெட்டினார்?

— இத்தனை மாசமும் ரோலோட முதல் படம் நீங்க. பொழுது சாயறதுக்கு முன்னாடி, வெளிச்சத்துல. உங்க படத்தோட ஓரத்துல இருந்து அளந்துதான் வெட்டுவார். இந்தத் தடவை நீங்க வரலையே. மூணு தரம் கூப்பிட்டேன்.

— கூப்பிட்டே, கூப்பிட்டே. அதுக்கு முன்னாடி என்ன சொன்னே? "அத்தை மொட்டைமாடில நடந்தா டெலஸ்கோப்புல நிலாவே குலுங்குது"ன்னு. என் பையன் வேற வயித்தைப் பிடிச்சிக்கிட்டு சிரிக்கிறான். நான் என்ன ரோடு ரோலரா?

— தப்புதான் அத்தை. சொன்ன உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். ஆனா என் கதியைப் பாருங்க. நீங்க மேல வந்தா ஆடுது, வராட்டி அறுபடுது!

— ஹூம், சிரிக்க வைக்காதே. நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். ஒட்டித் தர மாட்டாராமா?

— ரெண்டையும் சேர்த்து வச்சு பிரிண்ட் போடுறாராம். நடுவுல கோடு தெரியுமாம்.

— தெரியட்டும். நம்ம சண்டைக்கு ஒரு சாட்சி வேணாமா? கூடத்துலயே மாட்டு.

— அடுத்த மாசம் வந்து நில்லுங்க அத்தை. அந்தப் பச்சைப் புடவையில. படம் எடுத்ததும் கீழ போயிடணும், சரியா?

— நிக்கிறேன். ஆனா கீழ போக மாட்டேன்.

— மறுபடியும் ஆடுமே!

— ஆடாது.

— அதெப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?

— இந்தத் தடவை ஆடுச்சா? நீ டெலஸ்கோப் வாயைக் கருப்பு அட்டையால மூடிக்கிட்டு, கேமராவோட நடுக்கம் அடங்கட்டும்னு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினியே, அப்ப தண்ணித் தொட்டிக்குப் பின்னால உட்கார்ந்து, மூச்சைப் பிடிச்சிக்கிட்டு, உன்கூடவே நானும் எண்ணிக்கிட்டிருந்தேன்டி.