இரண்டு மெஷினுக்கும் பொதுவானது

கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது என்று யார் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக என்ன மாற்றினீர்கள்? ஒன்றுமே மாற்றவில்லை என்பார்கள். பத்தில் ஒன்பது பேர் எதையாவது மாற்றித்தான் இருப்பார்கள். வேண்டுமென்று பொய் சொல்வதில்லை, மறந்துபோயிருக்கும். பதினாறு வருஷமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், இதற்காக யார்மேலும் எரிந்து விழுந்ததில்லை.

என் தங்கை ஏன் பதிலே போடுவதில்லை என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். கல்லூரியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், அவளுக்கு ஓர் அவசரம் என்றதும் சொந்த லேப்டாப்பையே தூக்கிக் கொடுத்தவர். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு இருபத்து மூன்று. அவளுக்குத் தலை பின்னிவிட நான் பட்ட பாடு இருக்கிறதே, ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "விடுண்ணா, வலிக்குது, நானே பின்னிக்கறேன்" என்று சீப்பைப் பிடுங்கிக்கொண்டாள். வாண்டு என்றுதான் கூப்பிடுவேன். என் கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடமெல்லாம் வாண்டு படித்து முடிக்கட்டும், வாண்டு படித்து முடிக்கட்டும் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. இதைச் சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

அவள் வரையும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டாத வீடு, வெறும் படம். ஆனால் அந்த ஜன்னல் பக்கம் போய் நிற்கலாம் போலிருக்கும். அப்படி ஒரு படத்துக்கு வெளிச்சமும் நிழலும் சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கம்ப்யூட்டர் முதல் தடவையாக நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றது. நிஜமான கோளாறு அது. கிராஃபிக்ஸ் கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நின்று பேச்சை எடுத்துச் சொல்வதற்கு டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் உண்டு. அது பழசாகிவிட்டது, அவ்வளவுதான். புதிய டிரைவரைப் போட்டேன், ஒரே காலையில் சரியாகிவிட்டது. அவளுக்கு வாயெல்லாம் பல்.

பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே கற்றுக்கொண்டாள். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். மாற்றிய பிறகும் கோளாறு இருந்தால் அந்தப் பொருளின் மேல் பழி இல்லை. அடுத்ததை மாற்று. கடைசியில் மாறாமல் எது மிஞ்சுகிறதோ, அதுதான் காரணம். எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் தேடுவோம்.

மறுவாரம், அவள் படங்கள் அனுப்பியிருந்த ஒரு நிறுவனத்தின் கடிதம் வந்தது. எங்கேயோ கண்காணாத தூரம். இவள் படங்கள் பிடித்திருக்கின்றன, வீட்டில் இருந்தபடியே இணையத்தில் அவர்கள் பார்க்கப் பார்க்க மூன்று மணி நேரம் வரைந்து காட்ட வேண்டும், தேறினால் அங்கேயே வந்து சேரலாம்.

"போனா திரும்பி வர நாலஞ்சு வருஷம் ஆகும்ணா. நீ தனியா என்ன பண்ணுவ?" என்று சிரித்தாள்.

"நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று நானும் சிரித்தேன்.

அவள் குளிக்கப் போனதும் அவள் அறைக்குள் போய்ப் பழைய டிரைவரை மறுபடி ஏற்றினேன். புதியது தானாக வந்து உட்காராதபடி அப்டேட்டையும் நிறுத்தி வைத்தேன். பதினோரு நிமிஷம் ஆனது. அந்தப் பழைய டிரைவர் கடிதம் அடித்தால் ஒன்றும் செய்யாது, படம் பார்த்தால் ஒன்றும் செய்யாது. பெரிய வரைபடத்துக்கு வெளிச்சம் சேர்க்கும்போது மட்டும் காலை வாரிவிடும்.

தேர்வு நாளில் நாற்பதாவது நிமிஷத்தில் நின்றது. அவர்கள் நல்லவர்கள், வேறு தேதி கொடுத்தார்கள். நடுவில் பத்து நாள் நான் கண்ணும் கருத்துமாக வேலை பார்த்தேன். புதிய டிரைவரைத் திரும்பப் போட்டேன். மெமரியை மாற்றினேன். கார்டை மாற்றினேன். மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேரையும் புதுப்பித்தேன். எதையும் ஒப்புக்குச் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். இரண்டாவது தேதிக்கு முந்தின நாள் மட்டும் கார்டைப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து பழைய டிரைவரைப் போட்டேன். இரண்டாவது தேதியும் போயிற்று. மூன்றாவது தேதி கொடுத்து, இதுதான் கடைசி என்று எழுதினார்கள்.

அப்போதுதான் நீங்கள் லேப்டாப்பைக் கொடுத்தனுப்பினீர்கள். பெட்டியைப் பிரித்தபோது அவள் முகத்தில் ஒரு களை வந்தது. வாரக்கணக்காக நான் பார்க்காத முகம். ஃபர்ம்வேரை மட்டும் புதுப்பித்துத் தந்துவிடுகிறேன், அப்புறம் பயமே இல்லை என்று வாங்கிக்கொண்டேன். அந்த வேலை நடக்கும்போது மின்சாரம் போகக் கூடாது, போனால் மெஷின் எழுந்திருக்காது. கடைக்கு வருகிறவர்களிடம் இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். பாதியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். உங்கள் லேப்டாப் தானாகச் சாகவில்லை. மன்னிக்க வேண்டும்.

அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"டிரைவர் மாத்தியாச்சு. மெமரி மாத்தியாச்சு. கார்டு மாத்தியாச்சு. கடைசில மெஷினையே மாத்தியாச்சு. மாறாம இருக்கறது நான் மட்டும்தாண்ணா. என் கைதான் ராசியில்ல."

நான் சொல்லிக் கொடுத்த வழியில், ஒரு படி விடாமல், அவள் வந்து சேர்ந்த இடம் அது. இரண்டு மெஷினுக்கும் பொதுவாக இன்னொரு ஜோடிக் கை இருந்தது. கூடப் பிறந்தவனை யார் அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பார்கள்? "அப்படியெல்லாம் இல்ல வாண்டு, எழுந்து வா, சாப்பிடலாம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் வரையவில்லை. அது எதிர்பார்த்ததுதான், நாளடைவில் மறந்துவிடுவாள் என்றிருந்தேன். பிறகு போனைத் தொடுவதை விட்டாள். துவைக்கும் மெஷினை நான்தான் போட வேண்டும் என்றாள். ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தால் வீடு இருட்டாக இருந்தது. கரண்ட் போகவில்லை, பக்கத்து வீடுகளில் எரிந்தது. கூடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீ வந்து போடுவேன்னு இருந்தேண்ணா. நான் போட்டு ஃபியூஸ் ஆயிட்டா?" என்றாள். விளக்கைப் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றுகிற சாக்கில் வாசலுக்கு வந்து அழுதேன். சாதாரண அழுகை இல்லை, தேம்பித் தேம்பி அழுதேன். இந்த அளவுக்குப் போக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஊரை விட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

கடைசித் தேதி தாண்டிய அன்றே கம்ப்யூட்டரைச் சரிசெய்துவிட்டேன். பதினான்கு மாதமாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. மாதம் தவறாமல் அப்டேட் போடுகிறேன். இதையும் அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது, ஒரே ஒரு படம் வரைந்து அனுப்பினால் போதும் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று காலையில் உட்கார்ந்தேன்.

சற்று முன்பு அவள் கதவருகே வந்து நின்றாள். சாவிப்பலகைச் சத்தம் கேட்டிருக்கும். கதவுச் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல் கேட்டாள்.

"அது இப்ப ஓடுதாண்ணா?"

பதினான்கு மாதத்தில் அவளாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஓடுதும்மா, வந்து உட்காரு என்று சொன்னால் போதும். நாற்காலியை விட்டு எழுந்துகூட விட்டேன்.

"எங்க ஓடுதும்மா, இன்னும் நடுவுல நடுவுல நிக்குது. ஒரு வாரம் டைம் குடு, பாக்கறேன்" என்றேன்.

"சரிண்ணா" என்று போய்விட்டாள்.

இதுவரை அடித்ததை என்னிடமே வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு இரண்டு வரி அனுப்பினால் போதும். தங்கைக்கு மனசு சரியில்லை, தேறியதும் அவளே எழுதுவாள். நான் கூடவே இருந்து கவனித்துக்கொள்கிறேன், ஒரு நிமிஷம்கூட அவளைத் தனியாக விடுவதில்லை. இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.